சாட்சி சொல்லப் போன திங்கட்கிழமை

விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த, மலேசியாவின் ஈப்போ நகரத்து அம்மாள், எந்தெந்தக் கோவில், எந்தெந்தப் புடவைக் கடை என்று முழுத் திட்டத்தோடு வந்திருந்தார். "நீங்க எங்க போறீங்க?" என்று கேட்டார். கும்மிடிப்பூண்டி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மலைப் பிரதேசமா?" என்றார். இரும்பு உருக்குகிற பிரதேசம் என்றேன். அதன் பிறகு சென்னை வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தே தலை நரைத்தது. தயாளன் என்கிற கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பையன் ஒப்பந்த வேலைக்காக அங்கே வந்திருந்தபோது எங்கள் தமிழ்ச் சபைக்கு வருவான். ஞாயிறு ஆராதனை முடிந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினான், லில்லியைக் கட்டினான், கவரைப்பேட்டை பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்ட ஆரம்பித்தான். கூரை போட்டதும் போன் செய்தான். "அக்கா, புது வருசத்து மொத ஞாயித்துக்கெயம ஊடு பிரதிஷ்டை. நீதான் ரிப்பன் வெட்டணும். நீ வரல, நான் குடி போவ மாட்டேன்." இப்படி மிரட்டுவதற்கு என் கூடப் பிறந்தவர்களில்கூட ஆள் இல்லை. கிளம்பிவிட்டேன்.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஆண்டவரிடம் ஒரு பொருத்தனை செய்வது என் வழக்கம். இந்த வருடப் பொருத்தனை, வாயை அடக்குவது. என் மகள் சொல்லித்தான் செய்தேன். நாக்கு நீளம் என்று வீட்டில் எல்லோருக்கும் என்மேல் ஒரு குறை உண்டு. அந்தப் பொருத்தனையோடுதான் புத்தாண்டு காலையில் சென்னையில் இறங்கினேன்.

தயாளன் தன் குட்டியானையில் வந்திருந்தான். அங்கே சின்ன லோடு வண்டிக்கு அதுதான் பெயர். அவன் பிழைப்பே அதுதான், லோடு கிடைத்தால் ஓடும், கிடைக்காவிட்டால் நிற்கும். முன்சீட்டில் என்னையும் பின்னால் திறந்த வெளியில் என் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் பறந்தான். இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள் சுவர் மாதிரி வந்தன. கிள்ளான் துறைமுகச் சாலையில் லாரி பார்த்தே வளர்ந்தவள்தான் நான். ஆனால் எங்கள் ஊரில் லாரிக்கும் லாரிக்கும் நடுவில் எருமை வராது.

வீட்டு வாசலில் லில்லி வெண்ணிற மாவுக் கோலத்தில் "ஹேப்பி நியூ இயர்" எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள். ஒல்லியான பெண், முகத்தில் தூக்கமில்லை. "வாங்கக்கா, மொதல்ல நாஷ்டா துன்னுங்க, அப்பால பேசலாம்" என்று இட்லியும் வடகறியும் வைத்தாள். மசால் வடையை உதிர்த்துக் குழம்பாக்குவது எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ தெரியவில்லை. என் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயை அன்று காலை நான் மறந்தே போனேன்.

சாப்பிட்டதும் எனக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை கொடுத்தாள். புத்தாண்டு ஆராதனையில் வசனம் அச்சடித்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுக்கிற வாக்கு அது. நான் ஆராதனைக்கு வந்து சேரவில்லை என்பதால் எனக்காக ஒன்றைத் தயாளன் எடுத்து வைத்திருந்தான். சமாதானம் பற்றி நல்ல வசனம். அவனுக்கும் வீடு, ஆசீர்வாதம் என்று வந்திருந்தது. லில்லியின் அட்டையைக் கேட்டேன்.

"எல்லாருக்கும் ஆசீர்வாதம் வந்துகீது. எனக்கு மட்டும் வாயத் தொறந்து பேசுன்னு வந்துகீதுக்கா. எத்தினி அட்ட இருந்திச்சு, என் கை அதுலதானா போவணும்?" என்றாள். சிரிக்கிறாளா நொந்துகொள்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கு வாயை மூட உத்தரவு, அவளுக்குத் திறக்க உத்தரவு. நான்தான் சிரித்தேன்.

குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் இருவரும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. "ஊட்டுக்கு அக்கா வந்துகீறப்ப இத்தப் பேசாத லில்லி." "நான் பேசல. நீதான் மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற." நான் நேரே உள்ளே போய் என்ன விஷயம் என்று கேட்டுவிட்டேன்.

லில்லி மறைக்கவில்லை. அவள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் மிஷின் வேலை. மிஷினுக்குள் கை போனால் உடனே நிறுத்திவிடுகிற ஒரு சென்சார் உண்டு. அது அடிக்கடி நிறுத்தினால் ஒரு நாளைக்கு அடிக்க வேண்டிய பீஸ் குறையும் என்று ஒரு நாள் காலை சூப்பர்வைசர் எலக்ட்ரீஷியனிடம் அதன் ஒயரைக் கழற்றச் சொன்னார். பக்கத்து மிஷினில் நின்ற லில்லி அதைக் கண்ணால் பார்த்தாள், காதால் கேட்டாள். அன்று மதியமே அந்த மிஷினில் நின்ற பிகாஷ் என்கிற ஒடிசாக்காரனின் வலது கை உள்ளே மாட்டியது. விரல்கள் போய்விட்டன. இப்போது கம்பெனி, பிகாஷ்தான் அவசரத்தில் ஒயரைக் கழற்றினான் என்கிறது. திங்கட்கிழமை அரசாங்க அதிகாரி விசாரணைக்கு வருகிறார். அந்த ஷிப்டில் இருந்தவர்கள் எல்லோரும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்ல ஒப்புக்கொண்டுவிட்டார்கள். லில்லி மட்டும் பாக்கி.

"இவ வேல போச்சுன்னா ஊட்டுக்கு ஜன்னல்கூடப் போட முடியாதுக்கா" என்றான் தயாளன். "அதுவும் ஒயரக் கழட்டச் சொன்னவரு யாருன்ற? ஞானராஜ் அண்ணன். நம்ம சபைச் செயலாளரு. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு வேல வாங்கிக் குட்த்தவரே அவருதான்."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. பொருத்தனையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் இருக்கும் பிகாஷைப் பார்க்க லில்லி கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். பழவேற்காட்டு மீனில் குழம்பு வைத்து, சோற்றோடு தூக்கில் எடுத்துக்கொண்டாள். ரயிலில் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு ரயில் மாற வேண்டும். மாறும்போதுதான் கூத்து. கூட்டம் என்னைத் தூக்கி உள்ளே போட்டது, லில்லி பிளாட்பாரத்தில் நின்றுவிட்டாள். கோலாலம்பூரில் ரயில் கதவு மூடினால்தான் வண்டி நகரும். இங்கே கதவு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகமில்லை.

திருவள்ளூரில் இறங்கி நில் என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். நானும் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். "திரு" என்று தெரிந்ததும் இறங்கிவிட்டேன். வண்டி போன பிறகுதான் மீதியைப் படித்தேன், திருநின்றவூர். எல்லா ஊரும் திருவில் ஆரம்பித்தால் வெளியூர்க்காரி என்ன செய்வாள்? என் மலேசிய போனுக்கு இங்கே உயிர் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் யாரும் நிற்கவே இல்லை. புது அடுக்குமாடி வீடுகள் விற்கும் விளம்பரத்துக்குக் கீழே ஒரு பெஞ்சு இருந்தது. அங்கே நெற்றியில் நாமமும் கையில் துணிப்பையுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் தன் போனை எடுத்து நீட்டினார். லில்லி அடுத்த வண்டியில் வந்துகொண்டிருந்தாள். "அங்கயே நில்லுக்கா, எங்கயும் பூடாத" என்றாள். பெரியவர் திருவள்ளூர் கோவிலில் கைங்கர்யம் செய்பவராம், மகள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். என் முகம் வாடியிருந்ததைப் பார்த்துப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். பிறகு என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "பிரசாதம்னு யோசிக்காதேள். பொண்ணு ஆத்துல கட்டிக் கொடுத்தா, வெறும் புளியோதரை" என்றார். நான் யோசிக்கும் முன்பே அவர் யோசித்தது எனக்குப் பிடித்திருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். காரம்தான் கொஞ்சம் போதவில்லை.

ஆஸ்பத்திரியில் பிகாஷுக்கு வலது கை முழுக்கக் கட்டு. சின்ன வயது, மீசைகூட அடர்த்தியாக இல்லை. லில்லி கம்பெனியில் கற்ற இந்தியில் பேசினாள். அவன் சொன்னதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறானாம். சோற்றையும் மீனையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் இடது கையால் சாப்பிடக் கூச்சம், அப்படியே உட்கார்ந்திருந்தான். லில்லி ஸ்பூனால் ஊட்டினாள்.

தூக்கை மூடும்போது அவன் ஏதோ கேட்டான். அதை மட்டும் அவள் உடனே சொல்லவில்லை. வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்ற பிறகுதான் சொன்னாள். "அக்கா, 'நான் கழட்டல, நீ பாத்தல்ல?'ன்னு கேக்கறான். எல்லாரும் நீதான் கழட்டினன்னு சொல்லிச் சொல்லி, ஒருவேள நான்தான் கழட்டிட்டேனோன்னு அவனுக்கே தோணுதாம்."

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"பாத்தேன்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது?" என்றாள். பக்கத்தில் மணவாள நகரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்று முதலில் சொல்லியிருந்தாள். அதை மறந்து நேரே ஸ்டேஷனுக்கு நடந்தாள். நானும் நினைவுபடுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, காதைப் பிளக்கும் ஸ்பீக்கர். எங்கள் கிள்ளான் ஆலயத்தில் குளிர்சாதனம் உண்டு, ஆனால் இந்த உற்சாகம் கிடையாது. இந்த மக்களின் தாத்தாக்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர்கள் கம்பெனி வேனில் போய்வருகிறார்கள். அந்த முன்னேற்றத்துக்கு ஒவ்வொரு வாரமும் வாய் நிறைய நன்றி சொல்கிறார்கள். முதல் வரிசையில் ஒருவர் வெள்ளைச் சட்டையில், கண்ணை மூடி மனமுருகிப் பாடிக்கொண்டிருந்தார். அவர்தான் ஞானராஜ் என்று தயாளன் காட்டினான். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அங்கே பெரிய குழப்பம் ஒன்று நடந்தது. தயாளன் முதல் நாள் போதகரைப் பார்த்து, "பாஸ்டர், லில்லி சாட்சி சொல்லணும்னு கீறா, ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொல்லியிருந்தான். அவன் சொன்னது கம்பெனி விசாரணையை. கிறிஸ்தவர்களான எங்களுக்கு சாட்சி என்றால் வேறு. சபை நடுவில் எழுந்து, ஆண்டவர் எனக்கு இந்த நன்மை செய்தார், நோய் தீர்ந்தது, வேலை கிடைத்தது என்று சொல்வதுதான் சாட்சி. போதகர் அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

"கர்த்தர் நம்முடைய லில்லி சகோதரிக்குப் புது வீட்டைக் கொடுத்திருக்கிறார். இப்பொழுது சகோதரி முன்னே வந்து சாட்சி சொல்வார்கள். கரங்களைத் தட்டி வரவேற்போம்" என்று மைக்கில் அறிவித்தார். சபை தட்டியது. ஞானராஜும் தட்டினார்.

லில்லி எழுந்தாள். தயாளனைப் பார்த்தாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். வீட்டுக்காக நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கலாம், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவள் மைக்கை வாங்கி, "ஸ்தோத்திரம்" என்றாள்.

"பாஸ்டர் தப்பாப் புரிஞ்சிகினாரு. நான் சொல்ல வேண்டிய சாட்சி இங்க இல்ல. நாளைக்கி கம்பெனில ஆபீஸர் வந்து கேப்பாரு, அங்க சொல்ல வேண்டியது. பிகாஷ் கை போன விசயம். நான் பாத்தத சொல்லப் போறேன். பயமா கீது. எல்லாரும் எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க."

கீபோர்டு வாசிப்பவர் வழக்கமான இடம் வந்துவிட்டது என்று நினைத்து ஒரு மெட்டைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். போதகர் கண்களை இறுக மூடி நீண்ட ஜெபம் செய்தார். எல்லா தேசங்களுக்காகவும், எல்லாக் கம்பெனிகளுக்காகவும், முதலாளிகளுக்காகவும், தொழிலாளிகளுக்காகவும் மன்றாடினார். லில்லியின் பெயர் மட்டும் அதில் வரவில்லை. என் நாக்கு துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும்.

மதியம் வீட்டுப் பிரதிஷ்டை. ரிப்பனை வெட்டினேன். போதகர் வந்து ஜெபித்துவிட்டு, வேறு ஒரு வீட்டில் அழைப்பு இருக்கிறது என்று சாப்பிடாமல் போய்விட்டார். சபை முழுவதற்கும் மட்டன் பிரியாணி செய்திருந்தார்கள். வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் தெருவில் வரிசையாகக் கிடந்தன. தயாளனின் சொந்தக்காரர்கள் சிலர் வந்தார்கள், அவ்வளவுதான். அண்டாவில் கரண்டி பட்ட இடம் ஒரு ஓரம் மட்டும். வரவில்லை என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. யாருக்கும் லில்லிமேல் கோபமுமில்லை, ஞானராஜை நினைத்துத்தான் பயம்.

ஆனால் ஞானராஜ் வந்தார். கையில் ஒரு சுவர்க் கடிகாரம், பரிசுத்தாள் சுற்றியிருந்தது. உட்கார்ந்து ஒரு தட்டுப் பிரியாணி வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "சிஸ்டர், பெரியவங்க நீங்க சொல்லுங்க. இந்தத் தெருவுல எத்தினி அடுப்பு நான் வாங்கிக் குட்த்த வேலைல எரியுது தெரியுமா?" என்றார்.

"இல்லன்னு யாருண்ணா சொன்னாங்க" என்றாள் லில்லி.

"நான் உன்ன பொய் சொல்லச் சொல்லல லில்லி. பாக்கலன்னு சொல்லு. அவ்ளோதான்."

"பாத்தேனேண்ணா."

அவர் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். "எனக்கு மேல ஒருத்தன் கீறான். பீஸ் கொறஞ்சா என் வேல போவும். அவன் கழட்டுன்னான், நான் கழட்டுன்னேன். கை போவும்னு நெனச்சா கழட்டச் சொல்லுவேனா? அன்னிலேர்ந்து எனக்கும்தான் சோறு எறங்கல."

"அப்ப அத்தயே நாளைக்கி நீங்களும் சொல்லுங்கண்ணா."

இதற்குமேல் என் பொருத்தனை தாங்கவில்லை. "தம்பி, கிள்ளான்ல எங்க லைன்ல ஒரு பிள்ளைக்குக் கை மாட்டினப்ப நாங்க எல்லாரும் மிஷினை நிறுத்திட்டோம் லா. மேனேஜர் கத்தினாரு. கத்தட்டும்னு நின்னோம். நீங்க ஒரு ஒயரைக் கழட்டச் சொன்னதுக்கு அவன் விரலெல்லாம் போச்சு. இப்ப அந்தப் பையனோட பேரும் சேர்ந்து போகணுமா? காலையில கண்ணை மூடிக்கிட்டு யாரைப் பார்த்துப் பாடினீங்க?" என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். எல்லாம் எழுத முடியாது.

அவர் கோபப்படவில்லை. "அது மலேசியா, சிஸ்டர். இங்க ஒருத்தன் நின்னா அவன் எடத்துக்கு நூறு பேரு கேட்டாண்ட நிக்கிறான்" என்று மட்டும் சொன்னார். கை கழுவி, கடிகாரத்தை ஆணி அடிக்காத சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மீந்த பிரியாணியை அண்டாவோடு குட்டியானையில் ஏற்றி, வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் அறைகளுக்குக் கொண்டு போனோம். தகர ஷெட்டுகளில் ஒரு அறைக்குப் பத்துப் பேர்போல இருந்தார்கள். ஒருவன் தட்டை நீட்டிக்கொண்டே இந்தியில் என்னவோ கேட்டான். என்ன கல்யாணமா என்று கேட்கிறான் என்றாள் லில்லி. "நம்ம ஊடு புது ஊடுன்னு சொன்னேன். நல்லா இருன்னு சொல்றான்" என்றாள். சபை சொல்லாமல் போன வாழ்த்தை எங்கிருந்தோ வந்தவன் சொன்னான். லில்லி அப்போதுதான் அழுதாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை. லில்லி தலைக்குக் குளித்து, துவைத்த யூனிபார்ம் போட்டுத் தயாரானாள். வழக்கமாகத் தெருமுனையில் கம்பெனி வேன் நிற்கும். நாங்கள் நின்றோம். வேன் வந்தது, நிற்கவில்லை. உள்ளே இருந்த பெண்கள் எங்களைப் பார்த்தார்கள், பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள். இரண்டு நாளாக இவளைத் தடுக்கலாமா வேண்டாமா என்று தவித்த தயாளனுக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. "நிக்காமயா போறான்? ஏறுங்க ரெண்டு பேரும்" என்று குட்டியானையை எடுக்க ஓடினான்.

குட்டியானை கிளம்பவில்லை. சாவியைத் திருகத் திருக இருமியது. "நேரம் பாத்து பேஜார் பண்ணுது பாரு" என்று தயாளன் அதை உதைத்தான். நான் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு பின்னால் போய் நின்றேன். லில்லியும் நானும் தள்ளினோம். எதிர் வீட்டுக்காரர் ஒருவர், நேற்று சாப்பிட வராதவர், பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்து பார்த்தார். பிறகு பிரஷ்ஷை வாயிலேயே கடித்துக்கொண்டு வந்து ஒரு கை கொடுத்தார். வண்டி கிளம்பியது. அவர் மறுபடி பல் விளக்கிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்.

நெடுஞ்சாலையில் லாரி நெரிசல். தயாளன் மண்ணில் இறக்கி, ஏற்றி, ஒரு பெட்ரோல் பங்குக்குள் புகுந்து வெளியே வந்து எப்படியோ கம்பெனி வாசலில் சேர்த்தான். ஞானராஜின் மோட்டார் சைக்கிள் அங்கே ஏற்கனவே நின்றது. லில்லி இறங்கி என் கையைப் பிடித்து, "ஜெபம் பண்ணுங்கக்கா, பேர் சொல்லிப் பண்ணுங்க" என்றாள். பேர் சொல்லித்தான் பண்ணினேன், அந்த நடுத்தெருவில், சத்தமாக. செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தார். அவள் உள்ளே போனாள்.

எதிரே டீக்கடை. டீயைக் கொதிக்கவிட்டு இஞ்சி தட்டிப் போட்டார்கள், எங்கள் ஊர் தே தாரிக் டீ அளவுக்கு நுரை வராவிட்டாலும் குடிக்க நன்றாக இருந்தது. பக்கத்து பெஞ்சில் ஆந்திரா லாரிக்காரர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். தயாளனுக்கு அது புரியும். "வருசம் பொறந்தும் டப்பு வரல, லோடு மட்டும் வருதுன்னு சொல்றாங்க" என்றான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்திருந்தான், டீ ஆறிப் போனது. நான் வடை வாங்கினேன். பதற்றம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

வெகுநேரம் கழித்து லில்லி வெளியே வந்தாள். கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டை இல்லை. தயாளன் எழுந்து நின்றான்.

"சொன்ட்டேன்" என்றாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "ஆபீஸர் நல்லவராத்தான் தெரிஞ்சாரு. நான் சொன்னத எயுதிப் படிச்சுக் காட்டினாரு. 'ஒயர் கழன்றிருந்தது'ன்னு எயுதிகீறாரு. கழண்டு இல்ல சார், கழட்டின்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதானம்மான்னாரு கம்பெனிக்காரரு. ரெண்டும் எப்பிடி சார் ஒண்ணாவும், தானாக் கழண்டு வுயறதுக்கு அது இன்னா மாங்காயான்னு கேட்டேன். யாரு கழட்டச் சொன்னாங்கன்னு பேரும் எயுதுங்க, அப்பதான் கையெயுத்துப் போடுவேன்னேன். எயுதினாரு. போட்டேன்."

"அப்புறம்?"

"வெளில வந்ததும் காண்ட்ராக்டர் அட்டய வாங்கிகினான். நாளைலேர்ந்து வர வேணாமாம்." மீதித் தண்ணீரையும் குடித்து முடித்தாள். "எனக்கப்புறம் ஞானராஜ் அண்ணன உள்ள கூப்ட்டாங்க. இன்னா சொல்றாருன்னு தெரியல."

தயாளன் அவள் தோளில் கை வைத்தான். "பரவால்ல, ஊட்டுக்குப் போலாம் வா. ஜன்னல் இல்லன்னா காத்து வரட்டும்" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தப் பிள்ளைகள் புது வருடத்தை ஆண்டவர் கையில் கொடுத்தோம் என்றால் அது வாய்ப் பேச்சு இல்லை.

லில்லி நகரவில்லை. அதே சாலையில் கொஞ்சம் தள்ளி இன்னொரு கம்பெனி. கேட்டில் "ஆட்கள் தேவை, பெண்களும் வரலாம்" என்று அட்டை கட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கேவா? நாளைக்கிப் பாக்கலாம் லில்லி" என்றான் தயாளன்.

"வந்தது வந்தோம். கேட்டுட்டுப் போலாம்" என்று நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம்.

அங்கே செக்யூரிட்டி நரைத்த மீசைக்காரர். அவளுடைய யூனிபார்மைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "அந்தக் கம்பெனிதானே? எப்ப வுட்ட?"

"இப்பத்தான்."

"ஏன்?"

உடம்பு சரியில்லை என்று சொல்லேன், வேன் வரவில்லை என்று சொல்லேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஞானராஜ் சொன்ன நூறு பேர் என் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

"கூட வேல செஞ்சவனுக்குக் கை போச்சுண்ணா. எப்பிடிப் போச்சுன்னு ஆபீஸர்கிட்ட சாட்சி சொன்னேன். அனுப்சிட்டாங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பெரிய கேட்டில் இருந்த சின்னக் கதவின் தாழ்ப்பாளை விலக்கினார்.

"வலது பக்கம் ஆபீஸ். அங்கயும் இதே கேள்வி கேப்பாங்கம்மா."

"இதயேதான் சொல்லுவேண்ணா" என்று சொல்லிவிட்டு லில்லி உள்ளே போனாள்.